செடிக்கு ஒரு கிள்ளு

என் மகள் வாக்கப்பட்டுப் போன ஊருக்குப் பேருந்து கிடையாது. பிரான்சுக்குப் போகிறேன் என்றதும் மலேசியாவில், எங்கள் ஈப்போவில், எல்லோரும் அந்த இரும்புக் கோபுரத்தைத்தான் விசாரித்தார்கள். நான் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. விமானத்தை விட்டு இறங்கி, ரயில் ஏறி, பிறகு மருமகன் ஓட்டிய காரில் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், ஒரு குன்றின் உச்சியில் உட்கார்ந்திருந்த கல் ஊர் ஒன்றைச் சேர்ந்தேன். வீடு கல், தெரு கல், படி கல். மேலே ஒரு தேவாலயம், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், எல்லா வீட்டுக்கும் நீல நிறத்தில் ஜன்னல் கதவு. மொத்த ஊரையும் எங்கள் தாமான் குடியிருப்பின் இரண்டு வரிசை வீடுகளுக்குள் அடக்கிவிடலாம். இத்தனை சின்ன ஊரில் ஒருத்திக்கு என்ன பிரச்சினை வந்துவிடும் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

அந்த ஊரில் ரொட்டிக் கடை ஒன்று மூடிக் கிடந்தது. கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். அதைக் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்பது என் மகளின் ஆசை. அவள் அங்கே குடிபோய்ச் சில வருடங்கள் ஆகியும், ஊருக்கு அவள் இன்னும் இன்னார் வீட்டு மருமகள்தான், வெளியூர்ப் பெண்தான். "அந்தக் கடை கெடைச்சிட்டா நானும் இந்த ஊர்க்காரி ஆயிடுவேம்மா," என்று தொலைபேசியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஊர்த் தலைவரும் ஊராட்சி ஆட்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கைச்சமையலைச் சாப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. விருந்து, நாங்கள் எல்லோரும் தங்கியிருந்த சம்பந்தியம்மா வீட்டுத் தோட்டத்தில். அதற்குத் துணையாகத்தான் நான் போனேன். துணை என்றால், சமைப்பது நான், பேசுவது அவள்.

சம்பந்தியம்மா, அதாவது என் மருமகனின் தாய், நல்ல உயரம், ஒல்லி. கணவர் இல்லை. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் எனக்குப் புரியப் போவதில்லை. பெண் கொடுத்த இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா என்று நான் பட்டுச்சேலை, முறுக்கு, ஈப்போ வெள்ளைக் காப்பி எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுக்க வந்தார். எந்தக் கன்னம் முதலில் என்று தெரியாமல் நான் திரும்ப, மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன. மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றபடி சம்பந்தியம்மா வீட்டில் தங்கிய நேரம் குறைவு. காலையிலும் மாலையிலும் வெளியே போய்விடுவார். எங்கே என்று கேட்டால் மகள், "பூ வேலை மா," என்பாள். தேவாலயத்துக்குப் பூ வைக்கப் போகிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. பாலர் பள்ளியில் அத்தனை வருடம் பிள்ளைகளை அதட்டியே பழகிய வாய் இது. கேட்பதைவிடச் சொல்வதுதான் அதற்கு வசதி.

விருந்துக்கு என்னென்ன சமைப்பது என்று எங்களுக்குள் ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்தது. சோறு, கோழிப் பிரட்டல், பருப்பு, ரசம், அப்பளம் வரைக்கும் தகராறு இல்லை. கீரையில்தான் முட்டிக்கொண்டோம். அடிவாரத்துப் பட்டணத்துச் சந்தையில் விற்ற கீரை பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்துப்போய்க் கிடந்தது. அதைத் தொடவே எனக்கு மனசில்லை.

"கீரையே வேணாம்லா மா. சாலட் போடுறேன், போதும்," என்றாள் மகள்.

"பச்சையா தழைய வெட்டிப் போட்டு அதுக்கு விருந்துன்னு பேரா? என்னைய கூப்பிட்டது எதுக்கு?" என்று நான் எகிறினேன். அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நடக்கக் கிளம்பினேன். தேவாலயத்துக்கு ஏறும் சந்தில் இரண்டு பக்கமும் நீளநீளமான கல் தொட்டிகள் இருந்தன. அன்றுவரை அந்தப் பக்கம் நான் போனதில்லை. தொட்டிகளில் பார்த்தால், நம் சிவப்புக் கீரை! ஈப்போ சந்தையில் மலாய்க்காரப் பெண்கள் கட்டுக்கட்டாக விற்கிற அதே பாயாம் மேரா. தண்டு விரல் பருமன், இலை உள்ளங்கை அகலம். நுனியில் அப்போதுதான் பூக்கதிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். இத்தனை கீரையை வளர்த்துவிட்டு ஒருத்தரும் கிள்ளவில்லையே, இந்த வெள்ளைக்காரர்களுக்குத் தின்னத் தெரியவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

நான் பிறந்தது செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். லயத்தின் பின்னால் கால்வாய் ஓரத்தில் முளைத்த கீரைக்கு உடைமைக்காரர் கிடையாது. யார் விதைத்தது, யார் தண்ணீர் ஊற்றியது என்று யாரும் கேட்டதும் இல்லை. கிள்ளுவதற்கு மட்டும் ஒரு முறை உண்டு. ஒரே செடியை மொட்டையடிக்கக் கூடாது. செடிக்கு ஒரு கிள்ளு, நுனியில் மட்டும், அதுவும் எல்லாச் செடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்படிச் செய்தால்தான் செடி கிளைத்து வரும், அடுத்த வீட்டுக்காரிக்கும் மிஞ்சும். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் கை அதை மறக்கவில்லை. தாமானில் பக்கத்து வீட்டு வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு, "அக்கா, எடுத்துக்கிட்டேன்லா!" என்று குரல் கொடுப்பேன். "எடு, எடு," என்று உள்ளேயிருந்து பதில் வரும். ஒடித்த பிறகுதான் குரல். அதுதான் எங்கள் பக்கத்து மரியாதை.

அந்தச் சந்திலும் நான் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். முதல் தொட்டியில் தொடங்கித் தேவாலயத்து வாசல்வரை, ஒரு செடியையும் விடாமல், செடிக்கு ஒரு கிள்ளு. பாதியில் ஒரு வீட்டின் மாடி ஜன்னலில் ஒரு கிழவர் கையில் காப்பிக் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அவர் கையை உயர்த்தி, "பொன்ஜூர்," என்றார். அது வணக்கம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எடு, எடு என்று சொல்லிவிட்டதாகவே என் மனசு எடுத்துக்கொண்டது. பை நிறைந்து வழிய வீட்டுக்கு வந்தேன். சம்பந்தியம்மா அதற்குள் காலைப் பூசைக்குப் போயிருந்தார். தேவாலயத்துக்கு வேறொரு வழியும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காய்ந்த இறாலை இடித்துப் போட்டு, வெங்காயமும் மிளகாயும் தாளித்து, தேங்காய்ப் பூ தூவிக் கீரையைப் பிரட்டினேன். இலையின் சிவப்பு சட்டி முழுக்க இறங்கியது. மகள் தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். "கீரை எங்கம்மா கெடைச்சது?" என்று போகிற போக்கில் கேட்டாள். "வழியிலதான், எக்கச்சக்கமா கெடக்கு," என்றேன். "ஓ, நல்லதும்மா," என்று தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வந்தவர்கள் ஒரு நீள மேசைக்கு நிறைந்தார்கள். ஊர்த் தலைவர் நல்ல தொப்பையும் சிரித்த முகமுமான மனிதர். ஜன்னலில் நின்ற கிழவரும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரும் ஊராட்சி ஆள்தானாம். என்னைக் கண்டதும் தலையசைத்தார். நானும் பழகிய மனிதரைப் பார்த்ததுபோல் பெரிதாகத் தலையசைத்தேன். கோழியைவிடக் கீரை வேகமாகக் காலியானது. தலைவர் ரொட்டியைப் பிய்த்துக் கீரையின் சிவப்புச் சாற்றில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரொம்ப புடிச்சிருக்காம் மா," என்றபோது அவள் முகம் பூரித்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடை கிடைத்துவிட்டது என்றே முடிவுகட்டி, சம்பந்தியம்மாவின் தட்டை மூடிவைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

பூசைக்குப் பிறகு பூ வேலையையும் பார்த்துவிட்டு அவர் வந்தார். கையில் நுனி போன ஒரு தண்டு. அதை மேசைமேல் வைத்துவிட்டு மெதுவான குரலில் ஏதோ சொன்னார். மேசை அடங்கியது. தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஆளாளுக்கு ஏதோ கேட்டார்கள், வெளியாட்கள் யாரோ செய்த வேலை என்பதுபோல் ஒருத்தி கீழே சாலைப் பக்கம் கைகாட்டினாள். எனக்குப் பேச்சு புரியவில்லை. தண்டு புரிந்தது. மேசை நடுவில் இருந்த கீரைச் சட்டியைப் பார்த்தேன். மகளும் அதே நேரத்தில் அதைத்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது கோபம் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகப் பேசினாள். சம்பளத்தில் பிடித்தம் செய்த அன்றைக்கு என் அம்மா, தோட்டத்துக் கணக்கர் கிராணி முன்னால் அப்படித்தான் நின்றாள். என் பிள்ளை யார் முன்னாலும் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் நான் அவளைப் படிக்க வைத்தேன், அதட்டி அதட்டி வளர்த்தேன். இப்போது என்னாலேயே நின்றாள். மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

பிறகு தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டியை இழுத்து, மிச்சக் கீரையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். தன் அம்மா தெரியாமல் பறித்துவிட்டாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள், இவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மன்னிப்பு கேட்க வேண்டியது நானல்லவா? எழுந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, குனிந்தேன். உடனே மேசை முழுக்கக் கைதட்டினார்கள். சமைத்தவள் எழுந்து நன்றி சொல்கிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு. கிழவர் மட்டும் தட்டவில்லை. என்னையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு தட்டை ரொட்டியால் துடைக்க ஆரம்பித்தார். சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாத்திரம் கழுவும்போதுதான் கேட்டேன். "அவங்ககிட்ட என்னா சொன்ன?"

"நான்தான் பறிச்சேன்னு சொன்னேன்."

"நீயா? ஏம்மா? என்னைய சொல்ல வேண்டியதுதானே? நான் ஊருக்குப் போறவ. என்னைய என்னா பண்ணிடுவாங்க?"

"சிரிப்பாங்க மா. பாவம், ஒன்னும் தெரியாத பொம்பளைன்னு சிரிப்பாங்க. அத நான் பக்கத்துல நின்னு உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லணுமா? என்னைய பாத்துச் சிரிக்கட்டும். நான் திருப்பிப் பேசிக்குவேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலில் நின்ற கிழவர் பார்த்தார், பையைத் தூக்கிக் காட்டியதே நான்தான், நீ சொன்னது பொய் என்று அந்த மேசையில் ஒருவருக்குத் தெரியும் என்று. வாய்வரை வந்தது. அவளோ களைத்துப்போய், ஈரக் கையோடு அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். இதையும் சேர்த்து ஏன் அவள் தலையில் போட வேண்டும் என்று விழுங்கிவிட்டேன். அவளுக்காகத்தான் விழுங்கினேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் பயம். கிழவருக்கு முன்னால் கும்பிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நின்றேனே, அதை என் வாயால் சொல்ல வெட்கம்.

பூ வேலை என்றால் என்ன என்று அன்று மாலைதான் மகள் விளக்கினாள். பூக்களால் அழகாக வைத்திருக்கிற ஊர்களுக்கு அங்கே பட்டம் கொடுப்பார்கள். ஊர்வாசலில் அதற்கொரு பலகையே வைப்பார்கள். பார்வையிடும் ஆட்கள் அடுத்த நாள் வருவதாக இருந்தது. அந்தச் சந்து முழுக்கச் சம்பந்தியம்மாவின் பொறுப்பு. விதையைக் குளிர்காலம் முடியும் முன்பே வீட்டு ஜன்னலோரம் முளைக்க வைத்து, தொட்டிக்கு மாற்றி வளர்த்திருக்கிறார். அந்தக் கதிர்கள் நீளமாகத் தொங்கி, சந்தே சிவப்பாக ஆகுமாம். அந்த வருடம் மழை இல்லாததால் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று தடை. காய்கறி கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் பிடித்து வைத்துத்தான் அவர் ஊற்றியிருக்கிறார்.

எனக்குக் குளியலறை வாளி ஞாபகம் வந்தது. நான் வந்த நாள் முதல், நின்று குளிக்கிற இடத்தில் ஓர் அகலமான வாளி இருந்தது. குளித்த அழுக்குத் தண்ணீர் அதில் தேங்கி நிற்பதைப் பார்த்து, ஐயோ பாவம், வயசான பெண், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று தினமும் அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சுத்தக்காரி என்று பேர் வாங்குகிறேன் என்று நினைப்பு. அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அவர் இரண்டு தகர வாளிகளோடு சந்தில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு வாளியையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவர் நின்றார், என் கையைப் பார்த்தார். கிள்ளிய சாயம் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் மெல்லத் தலையசைத்துவிட்டு, தானே சுமந்துகொண்டு போனார். மொட்டையான ஒவ்வொரு செடிக்கும் குனிந்து குனிந்து ஊற்றினார். நான் வெறுங்கையோடு நடுச்சந்தில் நின்றேன். மேலே ஜன்னலில் ஆள் இருக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் பார்வையிடும் ஆட்கள் வந்தார்கள், சந்தில் நடந்தார்கள், போனார்கள். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. தலைவலி என்று மகள் எல்லோரிடமும் சொன்னாள். என்னால் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.

நான் ஈப்போவுக்குத் திரும்பிய பிறகு அவள் கூப்பிட்டுச் சொன்னாள். ரொட்டிக் கடையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்கிற ஒரு தம்பதிக்கு.

"அந்தக் கீரையாலயா?" என்றேன்.

"சேச்சே. அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? அன்னிக்கு நல்லாத்தானே சிரிச்சாங்க. அந்தத் தாத்தாதான் என்னான்னே தெரியல, கூட்டத்துல எனக்கு எதிரா பேசுனாராம். நம்ப முடியாத பொண்ணுன்னு சொன்னாராம். நான் அவருக்கு ஒன்னுமே செய்யலையேம்மா."

அப்போதும் நான் சொல்லவில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்," என்று உலகத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தையைச் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அவள் கூப்பிடும்போதும் அந்தக் கிழவர் பேச்சு வந்தது. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கதவைத் திறந்தவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். தன்னுடைய நிறம்தான் காரணமோ என்று மெல்லக் கேட்டாள். அதைக் கேட்ட பிறகு என்னால் தூங்க முடியவில்லை. நான் பொத்தி வைத்த ஒன்றுக்காக என் பிள்ளை தன் தோலைச் சந்தேகப்படுகிறாள்.

மறுநாள் நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஜன்னல், காப்பிக் கோப்பை, நான் பையைத் தூக்கிக் காட்டியது, கும்பிட்டது, எல்லாம்.

"அவரு பாத்தாரா?" என்றாள்.

"பாத்தாரு. கையக்கூட ஆட்டுனாரு."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நேரா போய் அவர்கிட்ட பேசியிருப்பேன்லம்மா," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி, ஒரு வாரம் பேசாமல் இருந்து, பிறகு எல்லாம் சரியாகியிருக்கும். எங்கள் வீட்டுச் சண்டைகள் அப்படித்தான் முடியும். அவளோ என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தாள். வெளியாட்களிடம் பேசுகிற அதே பக்குவத்தோடு விசாரித்தாள்.

இந்த வருடம் ஜூலையில் மறுபடி வரச் சொல்லி, விமானச் சீட்டெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் கூப்பிட்டாள். மருமகன் நலம், சம்பந்தியம்மா நலம் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள்.

"இந்த வருஷம் இங்க வெயிலு ரொம்ப அதிகமா இருக்கும்னு சொல்றாங்கம்மா. உங்களுக்கு ஒத்துக்காது. பாத்துட்டுச் சொல்றேன், என்ன?"

ஈப்போவில் நடுமத்தியானம், மின்விசிறி சுற்றியும் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "எனக்கு எப்பவுமே வெயிலு ஒத்துக்காது."